புதிய நூலகருக்கு ஓராண்டு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் நாடகமும் நிறைந்த இம்மேடையில் நூலகரைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆலைப் பணிக்கும் அலுவலகப் பணிக்கும் வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்கள் நம்முடையவை. ஆயினும் ஆகுர்டி நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் கல்லூரிக் கட்டடங்கள் கண்ணிற் படுகின்றன. அவற்றில் நூலகமும் உண்டு, நூலகரும் உண்டு. அந்நூலகர் எங்ஙனம் உருவாகிறார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1924-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராகச் சீ. இரா. அரங்கநாதன் அவர்களை அமர்த்திற்று. சீர்காழியிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் பயிற்றிவந்தவர் அவர். நூலகக் கலையில் முறையான பயிற்சி ஏதும் அவருக்கு அன்று இல்லை. சில நாட்களுக்குள்ளேயே நூலகத்தின் தனிமை கசந்துவிட்டது. மாணவரும் கரும்பலகையும் உள்ள பழைய வகுப்புக்கே திரும்ப விழைந்தார். அப்பொழுது ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. இங்கிலாந்து சென்று நூலகங்களைக் கண்டு கற்றுவருவது. அதன் பின்னும் மனம் ஒட்டாவிடில் கணித ஆசிரியப் பணிக்கே திரும்பிவிடுவது. அவ்வளவே.

இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்பார் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். சேயர்ஸ் வெறும் பேராசிரியர் அல்லர். கிராய்டன் நகர நூலகத்தை நடத்திவந்தவர். ஆகவே பாடமும் பணியும் ஓரிடத்திலே கிடைத்தன. ஏறத்தாழ ஒன்பது திங்களில் அரங்கநாதன் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்வையிட்டார். இலண்டன் கடையொன்றில் கண்ட மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவி, சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பல உருவங்கள் சமைக்கலாம் என்பதைக் காட்டிற்று. நூல்களைப் பகுப்பதற்கும் அவ்வழியே ஏற்றது என்று அவர் கண்டார். (நம் பிள்ளைகளோடு பொம்மைக் கடைக்குள் நுழையும் நமக்குப் பணப்பையைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை!) 1925-இல் நாடு திரும்பிய அவர், கணித வகுப்பை மறந்தே போனார்.

பின் நிகழ்ந்தவை நாடறிந்தவை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம். 1929-இல் நூலகர்க்குப் பயிற்சி வகுப்பு. 1931-இல் நூலகத்தின் ஐந்து விதிகளைக் கூறும் நூல். 1933-இல் கோலன் பகுப்பு முறை. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம். அனுப்பியவர்கள் எல்லோரும் அரங்கநாதன் ஆகிவிடுவரோ என வினவலாம். ஆகமாட்டார்கள். ஆனால் அனுப்பப்படாதிருந்தால் அரங்கநாதனே அரங்கநாதன் ஆகியிருக்கமாட்டார் என்பதுதான் நம் வாதம். பிற்காலத்தில் அவர் தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்துத் தம் துணைவியார் சாரதா பெயரால் நூலகவியற் பேராசிரியப் பதவி ஒன்றை நிறுவச் செய்தமை, தாம் பெற்றதை அவர் மறவாமைக்குச் சான்று.

இன்று பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் நிலை என்ன? சிறிய கல்லூரியொன்றில் தனியொருவராய் அமர்த்தப்பட்டு, முதல் நாளிலிருந்தே வரவேடும் தண்டத் தொகையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். வழிகாட்ட மூத்தவர் இல்லை. வேலையோ முன்னிலும் கடினமானது. 2025-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பல்லாயிரம் ஆய்விதழ்களை முதற்கண் அரசு நிறுவனங்களுக்கே திறந்துவிட்டது. தனியார் கல்லூரி நூலகர் தம் குறைந்த பணத்தில் எதை வாங்குவது, இலவசமாய்க் கிடைப்பது எங்கே என்று தாமே ஆய்ந்து தேர வேண்டும். இதனைப் பட்டப் படிப்பு மட்டும் கற்பித்துவிடாது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 1999 முதல் புதிய நூலகர்களை ஈராண்டுக்கு அமர்த்தி, நாட்பணி ஒரு பாதியும் புதுமுயற்சி ஒரு பாதியுமாகப் பழக்கிவருகிறது. நம் நாட்டிலும் பெரிய கல்வி நிலையங்கள் சில, நூலகப் பயிற்சியாளர்களை உதவிச் சம்பளத்தோடு ஏற்கின்றன. இடங்களோ மிகச் சில.

நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. வீட்டிலே தமிழ், தெருவிலே மராத்தி. தஞ்சைச் சரசுவதி மகாலில் தமிழ்ச் சுவடிகளோடு மராத்தியச் சுவடிகளும், மராட்டிய மன்னர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களும் உறங்குகின்றன. புணேயிலே 1917-இல் நிறுவப்பெற்ற பண்டார்கர் நிறுவனம் சுவடிகளைக் காக்கும் முறையை நேரிற் காட்டவல்லது. இவ்விரண்டிடத்தும் சில திங்கள் பழகிய தமிழ்ப் பெண்ணோ பிள்ளையோ எந்த நூலகத்துக்குப் பொருந்தார்?

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. நூலகவியற் பட்டம் பெற்று மூன்றாண்டுக்கு உட்பட்ட ஒருவருக்குச் சங்கம் ஆண்டுதோறும் உதவிச் சம்பளம் வழங்கட்டும். அவர் ஒரு நல்ல நூலகத்தில் மூத்தவர் ஒருவரின்கீழ்ப் பணிபுரியட்டும். மற்ற நூலகங்களைச் சென்று காணும் வழிச்செலவும் அதில் அடங்கட்டும். விழாப் பந்தலைச் சற்றே சுருக்கினாலும் குற்றமில்லை. இத்தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. அன்று உறுப்பினர்கள் தவறாது வந்திருந்து, எவ்வளவு தர இயலும் என்பதையும் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.