மாடி கட்டுங்க, ஆனா படிக்கட்டை முதல்ல வரைங்க!

(பொம்மையார்பாளையம் மாலைக் கூட்டத்தில், தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். பள்ளிக்குப் போகும் பிள்ளை உங்க வீட்டில் இருந்தா, முழுசாப் படிங்க.)



நம்ம ஊர்ப் பிள்ளைங்க பல பேர் பஸ் ஏறி டவுன் பள்ளிக்குப் போறாங்க. நானும் அப்படிப் போனவன்தான். நான் படிச்ச பள்ளிக்கு மூணு பக்கமும் கடை, ஒரு பக்கம் ரோடு. பிள்ளைங்க எண்ணிக்கை கூடக் கூட, மைதானத்துல ஒரு ஷெட் போட்டாங்க. அப்புறம் இன்னொரு ரூம். கடைசியில பிரேயருக்கு நிக்கவே இடம் இல்ல. மணி அடிச்சா அத்தனை பேரும் ஒரே படிக்கட்டுல இடிச்சுக்கிட்டு இறங்குவோம். அன்னைக்கு அது விளையாட்டா இருந்துச்சு. சிவில் இன்ஜினியரிங் படிச்ச பிறகுதான் பயம் வந்துச்சு.

2004 ஜூலை 16 ஞாபகம் இருக்கா? கும்பகோணம் காசிராமன் தெரு. ஒரே கட்டடத்துல மூணு பள்ளி. சமையலறைக் கீற்றுல பிடிச்ச தீ, மாடி வகுப்பறைக் கீற்றுக்குத் தாவுச்சு. வெளியேற வழி குறுகல். 94 குழந்தைகள் போயிட்டாங்க. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிஞ்சு மூணு மாணவர்கள் இறந்தாங்க. முதல்ல சொன்னது நெரிசல், அடுத்தது பலவீனமான கட்டுமானம். பழைய டவுன் பள்ளிகள்ல இந்த ரெண்டும் ஒண்ணா இருக்கலாம்.

அதுக்காகப் பள்ளியை ஊருக்கு வெளியே தூக்கிட்டுப் போக முடியுமா? முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருக்கிறதாலதான் நம்ம பொண்ணுங்களால படிக்க முடியுது. சிட்டிபாபு குழு பரிந்துரைப்படி தனியார் பள்ளிகளுக்கு வகுத்த குறைந்தபட்ச இடம் கிராம ஊராட்சியில 3 ஏக்கர், நகராட்சியில 10 கிரவுண்ட், மாநகராட்சியில 6 கிரவுண்ட். 6 கிரவுண்ட்னா ஏக்கர்ல மூணுல ஒரு பங்குதான். நகரத்துல இடம் கிடைக்காதுங்கிறதை அந்தக் கணக்கே ஒத்துக்குது. அப்போ இருக்கிற இடத்துலதான் ஒழுங்காத் திட்டம் போடணும்.

எப்படி?

1. சிதறிக் கிடக்கிற ஷெட்டுகளை எடுத்துட்டு, ஓரமா ஒரே மாடிக் கட்டடம். நடுவுல மைதானம். அது விளையாட மட்டும் இல்ல, ஆபத்துன்னா பிள்ளைங்க ஓடி வந்து நிக்கிற இடமும் அதுதான்.

2. ரெண்டு முனையிலும் படிக்கட்டு. தேசியக் கட்டட விதிப்படி அகலம் ஒன்றரை மீட்டர், அதாவது சுமார் ஐந்தடி. படிக்கட்டுக்கு அடியில பழைய பெஞ்சு அடுக்கக் கூடாது.

3. சமையலறை தனியா, வகுப்பறையை விட்டுத் தள்ளி.

4. ஒரே நாள்ல எல்லாத்தையும் இடிக்க வேண்டாம். பாதி பாதியா, கோடை விடுமுறையில ஆரம்பிக்கணும். இல்லன்னா பிள்ளைங்க மரத்தடியில உட்காருவாங்க.

5. நம்ம கடலோரப் பக்கம் உப்புக் காற்று கம்பியைத் தின்னுடும். உப்புத் தண்ணியில காங்கிரீட் கலக்க விடாதீங்க. கம்பிக்கு மேல போதுமான காங்கிரீட் மூடணும்.

“இதெல்லாம் இன்ஜினியர் வேலை, நமக்கென்ன?”ன்னு கேக்காதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதுல 75 சதவீதம் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கிறதே அந்தக் குழுதான். அதனால வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறது சலுகை இல்ல, உங்க உரிமை.

அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கண்டிப்பாப் போங்க. மூணே கேள்வி கேளுங்க. மைதானம் எவ்வளவு மிஞ்சும்? படிக்கட்டு எத்தனை? கட்டி முடிக்கிற வரை பிள்ளைங்க எங்க உட்காருவாங்க? பதில் காகிதத்துல வரணும்.

திறப்பு விழாவுக்குக் கைதட்ட எல்லாரும் வருவாங்க. கடைக்கால் போடுறதுக்கு முன்னாடி கேள்வி கேக்க நாம போவோம்.



#நம்_பள்ளி_நம்_பொறுப்பு