காத்திருந்து கண்ட படம்

1999-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள சிறியதொரு பல்கலைக்கழக நகரத்தில், ஒரு திரைப்படக் கொட்டகையின் வாயிலிலே நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னும் பின்னும் இருநூறு பேருக்குக் குறையாமல் வரிசையாக நின்றிருந்தனர். அவர்களிற் பலர் துறவியர் உடை போன்ற பழுப்பு நிற அங்கிகளைத் தைத்து அணிந்து வந்திருந்தார்கள்; சிலர் கையில் ஒளிவாள் என்னும் விளையாட்டுப் பொருள் இருந்தது. சிறுவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலோர் முப்பது வயதை எட்டியவர்கள்; பொழுது விடிந்தால் அலுவலகத்துக்குப் போக வேண்டியவர்கள். நள்ளிரவு கடந்து ஒரு நிமிடத்தில் படம் தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். ஒரே வீட்டில் என்னோடு குடியிருந்த அமெரிக்க மாணவர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றிருந்தார். அவருடைய வற்புறுத்தலுக்காகவே போனேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அந்த ஆவல் எனக்கும் இருந்தது.

மாணவ நண்பர்களே, அன்று நாங்கள் காணச் சென்ற படம் 'தி பான்டம் மெனஸ்' என்பது. அதன் பின்னணியை அறியாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்லுகிறேன். ஜார்ஜ் லூகாஸ் என்ற அமெரிக்க இயக்குநர் 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் படத்தை வெளியிட்டார். விண்வெளியிலே ஒரு கொடுங்கோலாட்சி. அதை எதிர்க்கும் சிறுகூட்டம். லூக் என்னும் குடியானவ இளைஞன். கறுப்புக் கவசம் பூண்ட டார்த் வேடர் என்னும் கொடியவன். முதல் நாளன்று நாற்பதுக்கும் குறைவான கொட்டகைகளில் திரையிடப்பட்ட அப்படம் உலகெங்கும் பரவியது. 1980-இலும் 1983-இலும் அதன் தொடர்ச்சிகள் வந்தன. அந்தக் கொடியவனே இளைஞனின் தந்தை என்பது இரண்டாம் படத்தில் வெளிப்பட்டது. மூன்றாம் படத்தில் மகனுக்காக மனம் மாறித் தந்தை உயிர்விட்டான். அத்துடன் கதை முடிந்தது.

முடிந்தது என்று சொன்னேனே, அஃது அவ்வளவு சரியன்று. 1981-இல் முதற்படத்தை மீண்டும் திரையிட்டபோது, அதன் முகப்பிலே 'நான்காம் அத்தியாயம்' என்ற குறிப்பைச் சேர்த்துவிட்டார்கள். நான்காம் அத்தியாயம் இதுவானால் முதல் மூன்றும் எங்கே? நல்லவனான ஒரு வீரன் டார்த் வேடராக மாறிய வரலாறு எது? இந்தக் கேள்விகளோடு அந்நாட்டுச் சிறுவர்கள் பதினெட்டு ஆண்டுகள் வளர்ந்தார்கள். முதற்படத்திலே 'குளோன் போர்கள்' என்று போகிற போக்கில் ஒரு சொல் வருகிறது. அதற்கு மேல் விளக்கம் ஏதுமில்லை. என் நண்பர் பத்து வயதிலே அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, யார் யாரோடு பொருதார்கள், எந்தக் கோளில் எத்தனை கப்பல்கள் அழிந்தன என்று இரண்டு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களை நிரப்பி வைத்திருந்தார். அவற்றை எனக்குக் காட்டியிருக்கிறார். போர்க்களப் படங்களும் உண்டு. எழுத்துப் பிழைகளும் ஏராளம்.

இத்தகைய நோட்டுப் புத்தகங்கள் எத்தனை ஆயிரம் வீடுகளில் இருந்தனவோ! லூகாஸ் முன்கதையை எடுக்கப் போகிறார் என்ற செய்தி அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். 1998 நவம்பரில் வேறு படங்களுக்கு முன்னால் இதன் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். முழுக் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று, இரண்டு நிமிட முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு, உரிய படம் தொடங்கும் முன்பே எழுந்து வெளியேறியவர்கள் உண்டு. ஹாலிவுட்டில் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டர் வாயிலில் படம் வெளிவருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வரிசை தொடங்கிவிட்டது.

இனி, அன்றிரவுக்கு வருகிறேன். ஜான் வில்லியம்சின் இசை முழங்கியதும் கொட்டகை அதிர்ந்தது. திரையில் எழுத்துக்கள் மேலெழுந்து சென்றன. அவை எதைப் பற்றியவை? வாணிக வழிகளுக்கு விதித்த வரி பற்றிய தகராறு! எனக்கு முன்னிருந்த ஒருவர் ஒளிவாளை மெல்லத் தாழ்த்தியதை நான் கண்டேன். படம் முடிந்தபோது கைத்தட்டல் இருந்தது. ஆயினும் அது சடங்குக்குத் தட்டிய கைத்தட்டல். வீட்டுக்கு நடந்து வருகையில் நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வாட்போர் நன்றாக இருந்தது, அல்லவா?" என்றார். நானும் நன்றாக இருந்தது என்றேன். அது மெய்யே. ஆனால், ஏமாற்றம் அடைந்த இருவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆறுதலாகவே அது இருந்தது.

அந்த வாரத்திலேயே அவர் இன்னும் மூன்று முறை அப்படத்தைப் பார்த்தார். ஆறாத்துயரின் முதல் நிலை மறுப்பு என்பார்கள். தாம் கவனக் குறைவாகப் பார்த்துவிட்டதாகவும், மறுபடியும் பார்த்தால் நன்மை விளங்கும் என்றும் அவர் நம்பினார். இவ்வாறு பலமுறை பார்த்தவர்களும் அப்படத்தின் வருவாய்க்கு உதவியிருப்பார்கள். அவ்வாண்டு உலகிலேயே அதிக வசூல் பெற்ற படம் அதுதான். தொண்ணூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. வருவாயை வைத்து அன்பை அளப்பதில் எவ்வளவு இடர்ப்பாடு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

ஏமாற்றத்துக்குக் காரணங்கள் யாவை? பழைய படங்களில் 'போர்ஸ்' என்னும் ஓர் ஆற்றல் பேசப்பட்டது. உயிர்கள் அனைத்தையும் இணைப்பது, உள்ளத்தால் உணர வேண்டியது என்று அதைச் சொன்னார்கள். கொல்லைப்புறத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற எந்தச் சிறுவனும், தனக்கும் அது வசப்படலாம் என்று நம்ப இடமிருந்தது. புதிய படத்திலோ, அனாகின் என்ற சிறுவனின் இரத்தத்தைச் சோதித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அவ்வாற்றலை அளந்தார்கள். நம்பிக்கை வைத்தவனுக்கு ஆய்வுக்கூடச் சீட்டைக் கொடுத்தாற்போல் ஆயிற்று. இன்னொன்று, படைப்பு முறையைச் சார்ந்தது. 1980-ஆம் ஆண்டுப் படத்தை இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர். அதன் திரைக்கதையில் வேறு எழுத்தாளர்களின் உழைப்பு உண்டு. 1977-ஆம் ஆண்டுப் படத்துக்குப் படத்தொகுப்புக்கான அகாடமி விருது கிடைத்தபோது, அதைப் பெற்றவர்கள் பால் ஹிர்ஷ், மார்ஷா லூகாஸ், ரிச்சர்ட் சூ என்னும் மூவர். முன்கதைப் படங்கள் மூன்றையும் லூகாஸே இயக்கினார். 1999-ஆம் ஆண்டுப் படத்தின் திரைக்கதையைத் தாமே தனித்து எழுதினார். மறுத்துச் சொல்லும் குரல்கள் குறைந்துவிட்டன என்பது என் கணிப்பு.

இவையெல்லாம் காரணங்களே. ஆனால், இவற்றுக்கு அப்பால் ஒன்று உண்டு. என் நண்பர் பார்க்கச் சென்றது தம் நோட்டுப் புத்தகத்திலிருந்த படத்தை. லூகாஸ் எடுத்ததோ லூகாஸின் மனத்திலிருந்த படத்தை. எந்த மேதை எடுத்திருந்தாலும், ஒரு சிறுவன் பதினெட்டு ஆண்டுகள் எடுத்த படத்தோடு அது போட்டியிட வேண்டியிருந்திருக்கும். நம்மிடையேயும் இராமகாதையைப் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டு, உத்தர காண்டத்தைத் திறவாமல் வைத்திருக்கும் பாட்டிமார்களை நான் அறிவேன். தமக்கு உவந்த எல்லையைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையை அவர்கள் யாரிடமும் கேட்டுப் பெறவில்லை.

அமெரிக்க இரசிகர்களும் ஏறக்குறைய அதையே செய்தார்கள். 2001-இல் கையோடு கையாகப் பரவிய ஒரு வீடியோ நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவைச் சேர்ந்த மைக் நிக்கல்ஸ் என்னும் படத்தொகுப்பாளர், தம் பெயரை முதலில் வெளியிடாமல், 'தி பான்டம் மெனஸ்' படத்தைத் தாமே வெட்டிச் சீர்செய்தார். சுமார் இருபது நிமிடங்கள் குறைந்தன. வரித் தகராறு சுருங்கியது. சிறுவனின் தேவையற்ற கூச்சல்கள் மறைந்தன. புதிதாக ஒரு சட்டகம்கூடப் படம்பிடிக்காமல், இருப்பதைக் கொண்டே அவர் இதைச் செய்தார். பதிப்புரிமைச் சட்டத்தின்படி இது தகாது என்பதில் ஐயமில்லை. ஆயினும், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஓராயிரம் பேர் கூவிக்கொண்டிருந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு, ஏன் பிடிக்கவில்லை என்று கத்திரிக்கோலைக் கொண்டு காட்டிய விமரிசனம் அது. திறனாய்வு பயிலும் மாணவர்கள் கவனிக்கத்தக்கது. வேறு சிலர் 2011 முதல் இன்னொரு வழியைக் கையாண்டார்கள். நான்கு, ஐந்து, பிறகு இரண்டு, மூன்று, இறுதியில் ஆறு என்ற வரிசையிலே அத்தியாயங்களைப் பார்ப்பது. முதலாம் அத்தியாயத்தை விட்டுவிடுவது. நண்பர் இந்த முறையைக் கேள்வியுற்றதும், தொல்லையற்ற மருத்துவம் என்று புகழ்ந்து எனக்குக் கடிதம் எழுதினார்.

சினம் கொண்டவர்களும் இருந்தார்கள். 2001-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்பேஸ்ட்' என்பதில், சைமன் பெக் நடித்த பாத்திரம் தான் சேர்த்து வைத்திருந்த ஸ்டார் வார்ஸ் பொருள்களைத் தீயிலிடுகிறான். அது நகைச்சுவை. மெய்யான வாழ்க்கையில் சினம் பொருள்களோடு நிற்கவில்லை.

ஜார் ஜார் பிங்க்ஸ் என்று ஒரு பாத்திரம் அப்படத்தில் உண்டு. நீண்ட காதுகளும் தடுமாறும் நடையும் உடைய வேற்றுக்கோள் பிராணி. கணிப்பொறியால் உருவாக்கிய முக்கியப் பாத்திரங்களில் அது முன்னோடி. அதன் அசைவையும் குரலையும் தந்தவர் அகமது பெஸ்ட் என்ற இளம் கலைஞர். ஏமாற்றத்தின் பாரம் முழுவதையும் இரசிகர்கள் அந்தப் பிராணியின் தலைமேல் ஏற்றினார்கள். எங்கள் வீட்டிலும் அவ்வாறே. ஓர் இரவு விருந்திலே நானே துண்டொன்றைக் காதுபோலக் கட்டிக்கொண்டு அந்த நடையை நடந்து காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். இருமுறை நடந்தேன்.

அனாகினாக நடித்த ஜேக் லாயிட் என்னும் சிறுவன் சக மாணவர்களின் ஏளனத்துக்கு இலக்கானான். 2001-இலேயே நடிப்பை விட்டுவிட்டான். 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம், அகமது பெஸ்ட் தம் மகனோடு புரூக்ளின் பாலத்தில் நின்ற படம் ஒன்றை வெளியிட்டார். அந்த நாளைய ஏளனத்தால் மனமுடைந்து, அதே இடத்தில் தம் உயிரை முடித்துக்கொள்ள எண்ணியதை அவர் அப்போது வெளிப்படுத்தினார். நான் அந்தச் செய்தியைக் காலையிலே படித்தேன். அன்று முழுதும் அந்தத் துண்டு என் கழுத்தில் கிடப்பது போலிருந்தது. வரியைப் பற்றிய வசனத்தை அவர் எழுதவில்லை. இரத்தச் சோதனையையும் அவர் புகுத்தவில்லை. தமக்குத் தரப்பட்ட வேலையைத் திறமையாகச் செய்தார், அவ்வளவே. எங்கள் துயரத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அவருடைய முகம் படத்தில் தெரியாமற்போனதும் எங்களுக்கு வசதியாயிற்று.

2019-இல் சிகாகோவில் நடந்த இரசிகர் விழாவில் அவர் மேடைக்கு வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 2023-இல் 'தி மாண்டலோரியன்' தொடரில், ஒரு குழந்தையைக் காப்பாற்றும் வீரனாக, தம் சொந்த முகத்தோடு அவர் தோன்றினார். எழுந்து நின்றவர்களிற் பலர், 1999-இல் ஏழெட்டு வயதுக் குழந்தைகளாய் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு நோட்டுப் புத்தகம் இல்லை. பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பும் இல்லை. அவர்கள் முதன்முதலிற் கண்ட ஸ்டார் வார்ஸ் இதுவே. அவர்கள் வளர்ந்து பேசத் தொடங்கிய பிறகுதான் இந்தப் படங்களைப் பற்றிய பொதுப்பேச்சு மெல்ல மாறியது. மூன்றாவது முன்கதைப் படம் 2025-இல் மீண்டும் திரைக்கு வந்தபோது கொட்டகைகள் நிறைந்தன.

அதற்கு முந்திய ஆண்டு மே மாதம், 'தி பான்டம் மெனஸ்' வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆனதையொட்டி அது மறுபடியும் திரையிடப்பட்டது. அப்போது நான் அந்த நண்பரின் வீட்டில் விருந்தினனாக இருந்தேன். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. மூவரும் போனோம். வரிசை ஏதுமில்லை. திரையில் எழுத்துக்கள் மேலெழுந்தபோது நண்பர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். ஜார் ஜார் கால் இடறி விழும்போதெல்லாம் அந்தக் குழந்தை இருக்கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

வீடு திரும்பும்போது, காரின் பின்னிருக்கையிலிருந்து, "அப்பா, அந்தக் காது நீண்டவராக நடித்தவர் யார்?" என்று கேட்டாள்.

அகமது பெஸ்ட் என்று நண்பர் பெயரைச் சொன்னார். 1999-இல் எங்கள் இருவருக்குமே அந்தப் பெயர் தெரியாது.