காணொளி விளையாட்டும் மீட்கும் வழியும்



நள்ளிரவு கடந்தும் கைப்பேசியில் விளையாடும் பிள்ளையைக் கண்டு கலங்கும் பெற்றோர் இன்று பலர். விளையாடும் பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் அல்லர் என்பதை அவர்கள் முதலில் அறிதல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் இதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன. விளையாட்டைத் தொடங்குவதிலும் நிறுத்துவதிலும் கட்டுப்பாடு கைநழுவுதல் முதலாவது. பிற விருப்பங்களையும் அன்றாடக் கடமைகளையும் விட விளையாட்டே முதன்மை பெறுதல் இரண்டாவது. கேடு விளைந்த பின்னும் தொடர்தல் மூன்றாவது. இந்நிலை ஏறத்தாழ ஓராண்டு நீடிப்பின் மருத்துவர் அதனை நோயெனக் கொள்வர். கடுமையாயின் அதற்கு முன்னரே கொள்வதும் உண்டு.

பல இல்லங்களில் முதல் வைத்தியம் கைப்பேசியைப் பறிப்பதே. இத்தகைய தடையைத் தென்கொரியா நாடளவில் செய்து பார்த்தது. 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணையவழிக் கணினி விளையாட்டுகளை ஆடலாகாது என 2011இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் சிலர் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு நுழைந்தனர். கைப்பேசி விளையாட்டுகள் அத்தடைக்கு வெளியே பெருகின. பத்தாண்டுகளுக்குப் பின் அரசே அச்சட்டத்தைக் கைவிட்டது.

மருத்துவம் வேறு வழியில் செல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 2014 முதல் இதற்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. இச்சிகிச்சையில் முதல் வினா, விளையாட்டு அப்பிள்ளைக்கு எதனைத் தருகிறது என்பதாகும். பள்ளியில் கிட்டாத பாராட்டா, தோழமையா, வீட்டுப் பூசலிலிருந்து ஒதுங்க ஓர் இடமா? மனச்சோர்வோ பதற்றமோ உடனிருப்பின் அதற்கும் சிகிச்சை வேண்டும். எந்நேரத்தில், எம்மனநிலையில் விளையாடத் தோன்றுகிறது என்று பிள்ளையே குறித்துவரச் செய்வர். விளையாடும் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, அவ்விடத்தில் உறக்கத்தையும் உடற்பயிற்சியையும் நண்பரோடு பழகுதலையும் நிரப்புவர். படிப்பும் இணையத்தில் நடைபெறும் காலமாதலின் முற்றும் துறத்தல் இயலாது. அளவறிந்து பயன்படுத்தலே இலக்கு. பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. உண்ணும் வேளையில் தந்தையின் கையிலும் கைப்பேசி இருத்தல் ஆகாது.

திடீரெனப் பறித்தால் சில பிள்ளைகள் வெகுண்டெழுவர்; உயிரை மாய்த்துக்கொள்வதாகவும் கூறுவர். அதனை வெற்று மிரட்டலென ஒதுக்காமல் அன்றே உதவி நாட வேண்டும். நடுவண் அரசின் டெலிமானஸ் எண்ணான 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உறவினர் என்ன சொல்வரோ என்னும் நாணத்தால் கழியும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் கல்விக் காலத்திலிருந்தே கழிகிறது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதுபோல் இதற்கும் தயங்காது நாடுக.