கூடை இல்லாமல் மலைக்குப் போன நாள்

(தோட்ட மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு)



போன மாதம் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். போனவர்கள் ஏற்கனவே பீலிக்கரையிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்லி முடித்துவிட்டார்கள். புலியைக் கண்டோம் என்றுகூட ஒருவர் சொன்னாராம். புலியை யாரும் காணவில்லை. கண்டது மரைகளைத்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம்மவர்களுக்கு மலை என்றால் வேலை. "மலைக்குப் போயாச்சா?" என்று கேட்டால் வேலைக்குப் போயாச்சா என்றுதான் அர்த்தம். பெயர் எழுத லயம் லயமாகப் போனபோது ஓர் அம்மா, "ஆறு நாளும் மலையிலதான் நிக்கிறோம், ஞாயித்துக்கிழமையும் மலைக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஞாயிறு என்றால் உடுப்புத் துவைக்க வேண்டும், விறகு தேட வேண்டும், கைக்காசுக் கொழுந்து இருந்தால் அதையும் விட முடியாது. எங்களுக்கு நல்ல பதில் ஒன்றும் வரவில்லை. "ஒரு நாளைக்குக் கூடை இல்லாம மலைக்கு வந்து பாருங்கம்மா" என்று மட்டும் சொன்னோம். கடைசியில் அவரும் வந்தார்.

சித்திரை மாதம் நுவரெலியாவில் வசந்த காலம். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று கொழும்பிலிருந்து சனம் வந்து குவியும். அந்தக் கூட்டத்துக்குள் மாட்டாமல், விடிவதற்கு முன்பே இரண்டு சிறிய பஸ்களில் நுவரெலியாவைக் கடந்துவிட்டோம். அம்பேவெல, பட்டிப்பொல வழியாக வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது குளிரில் பிள்ளைகளுக்குப் பல் அடித்தது. ஏன் இவ்வளவு நேரத்தோடு போக வேண்டும் என்று முணுமுணுத்தவர்களுக்கு இப்போது காரணம் தெரியும். உலக முடிவில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும். பிறகு போனால் வெள்ளைத் துணியைப் பார்த்த மாதிரித்தான்.

வாசலில் எங்களுக்கு வெட்கக்கேடு ஒன்று நடந்தது. பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக அனுமதி இல்லை. வனஜீவராசிகள் திணைக்களத்து உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். இது எங்களுக்குத் தெரிந்த விசயம்தான், ஆனால் உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டோம். எல்லோருடைய ரொட்டியும் சம்பலும் பொலித்தீன் சீட்டில் கட்டியிருந்தது. கட்டை எல்லாம் அவிழ்த்து, கிடைத்த கடதாசியில் சுற்றி, மிச்சத்தைத் துண்டிலும் சேலைத் தலைப்பிலும் முடிந்துகொண்டோம். கூடை வேண்டாம் என்று நாங்கள் சொன்ன அதே அம்மா, "கூடையக் கொண்டாந்திருக்கலாம்போல" என்று சொன்னதும் அந்த உத்தியோகத்தரே சிரித்துவிட்டார்.

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 அடி. பரப்பு சுமார் 3,160 ஹெக்டேயர். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தினார்கள். 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டபோது இதுவும் அதில் சேர்ந்தது. உள்ளே சுற்றி வரும் பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவு. நமக்கு அது தூரமே இல்லை, கொழுந்து நாளில் அதற்கு மேல் நடக்கிறோம். இருந்தாலும் வெறும் கையோடு நடப்பது வேறு நடை. முதல் அரை மணி நேரம் நம் பெண்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடந்தார்கள்.

பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல்வெளி ஓரத்திலும் காட்டு விளிம்பிலும் முறுக்கேறிய உடம்போடு குட்டை மரங்கள் நிற்கின்றன. சிங்களத்தில் மஹ ரத்மல் என்பார்கள், பெரிய சிவப்புப் பூ என்று பொருள். ஆங்கிலத்தில் ரோடோடென்ரன். சில மரங்களில் மொட்டுத்தான் இருந்தது. சிலவற்றில் கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பில் பூ. இதே இனத்து மரம் நீலகிரியிலும் இமயமலையிலும் உண்டு, இடையில் உள்ள தாழ்ந்த சமவெளிகளில் கிடையாது. புல்லுக்குள் குனிந்து பார்த்தால் நகக்கண் அளவில் நீலப் பூக்கள். பிள்ளைகள்தான் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். பெரியவர்கள் மிதித்துக்கொண்டு போனோம்.

வழியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்த முட்புதர் ஒன்றைக் கண்டு, "எவ்வளவு வடிவு!" என்று எல்லோரும் நின்றோம். கூட வந்த வழிகாட்டித் தம்பிக்கு முகம் மாறிவிட்டது. அது கோர்ஸ் என்கிற வெளிநாட்டுச் செடி. ஐரோப்பாவிலிருந்து வந்தது. இப்போது இந்தப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. வெட்டினால் மறுபடி துளிர்க்கும், விதை மண்ணுக்குள் பல வருசம் உயிரோடு கிடக்கும். வேரோடு பிடுங்கத் தொண்டர்களைக் கூட்டி வருகிறார்களாம். புல்லு வெட்டிப் பழகிய நம் ஐயா ஒருவர், "எங்களக் கூப்பிட்டா ரெண்டு நாள்ல முடிச்சிருவோம்" என்றார். முடியாது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் சொன்னது சந்தோசமாக இருந்தது.

நெலு பூக்கும் காலமா என்று ஒரு பெரிய பிள்ளை கேட்டது. இல்லை. நெலு பன்னிரண்டு வருசத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துச் செத்து, விதையிலிருந்து மறுபடி முளைப்பது. 2013இல் அங்கே பெரிதாகப் பூத்தது. நம் தமிழில் குறிஞ்சி என்று சொல்கிறோமே, அந்தச் செடியின் சொந்தக்காரன்தான் இந்த நெலு.

பிறகு காட்டுக்குள் நுழைந்தோம். இங்கேதான் எங்களுக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. அங்கே மரங்கள் உயரமாக வளர்வதில்லை. காற்றும் குளிரும் வளர விடாது. கிளை எல்லாம் பாசி, பாசிக்கு மேல் இன்னொரு பாசி, கிழவன் தாடி மாதிரித் தொங்குகிறது. அன்று மழை இல்லை. ஆனால் மரத்துக்குக் கீழே நின்றால் தலையில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. மேகம் மரத்துக்குள் புகுந்து போகும்போது இலையும் பாசியும் அந்த ஈரத்தைப் பிடித்துக் கீழே விடுகின்றன. கீழே மண் கறுப்பாக, ஸ்பொஞ்ச் மாதிரி. குடித்துவைத்துக்கொண்டு வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இந்த மேட்டிலிருந்து தண்ணீர் போகிறது.

இந்த மலைநாட்டுக் காட்டை வெட்டித் தோட்டமாக்கியது யாருடைய கை? நம் பாட்டன் பூட்டன் கைதான். முதலில் கோப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. வெட்டச் சொன்னது வேறு ஆட்கள், கோடரி பிடித்தது நம் ஆட்கள். 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர், 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். எல்லா இடத்திலும் அதைக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்தச் சமவெளி தப்பியது.

உலக முடிவுக்குப் போனபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. பாதை திடீரென்று முடிகிறது. முன்னால் ஒன்றும் இல்லை. கீழே ஏறக்குறைய 870 மீற்றர், 2,800 அடிக்கு மேல், செங்குத்தான பள்ளம். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்லில் உட்கார்ந்துதான் பார்க்க விட்டோம். மலைக்குப் பின்னால் மலை, நீலம் நீலமாக. தெளிவான நாளில் தெற்குக் கடல் தெரியும் என்பார்கள். எங்களுக்குத் தெரியவில்லை.

எங்களுக்குத் தெரிந்தது தேயிலை. நேர் கீழே, பெலிஹுல்ஓயாப் பக்கம், பச்சைப் பாயில் கோடு போட்ட மாதிரி தேயிலை மலை, அதற்கு நடுவில் தகரக் கூரைகள் வரிசையாக. "லயம்! லயம்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பக்கத்தில் நின்ற கொழும்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அந்த அம்மா முன்னுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் மலைக்கா என்று கேட்டவர். கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தார். "நான் பொறந்தது அந்தப் பக்கத்துத் தோட்டத்துலதான்" என்றார். நாற்பது வருசத்துக்கு முன்னால் கலியாணம் முடித்து இங்கே வந்தவர். தாய் செத்ததுக்குப் போனவர் தகப்பன் செத்ததுக்குப் போக முடியவில்லையாம். அன்று பஸ் காசு இல்லை. தெரிந்த கூரைகளில் தன் கூரை இருக்கிறதா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இரண்டு பெரும் நாங்களும் சேர்ந்து தேடினோம். ஐந்து நிமிடம் இருக்கும். கீழேயிருந்து மூடுபனி எழும்பி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. முடிச்சை அவிழ்த்து எல்லோருக்கும் ரொட்டி கொடுத்தார்.

பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும்போது ஓர் அக்காவுக்குக் கால் சறுக்கிச் சுளுக்கிவிட்டது. அதுவும் எங்கள் பிழைதான். பாட்டாச் செருப்போடு வந்தவர்களை பஸ்ஸில் ஏற்றும்போதே பார்த்திருக்க வேண்டும். தம்பிமார் இருவர் மாறி மாறித் தூக்கி வந்தார்கள். மூன்று நாள் வேலைக்குப் போகாமல் அவருக்குச் சம்பளம் போனது. அதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது நம் தோட்டத்து விசயத்துக்கு வருவோம். மேல் டிவிசனில் பீலிக்கு மேலே இருக்கிற காட்டுத்துண்டு உங்களுக்குத் தெரியும். இந்த மாசி மாதம் மூன்று பீலியில் இரண்டு வற்றிவிட்டன. இரவு பத்து மணிக்கும் குடத்தோடு வரிசையில் நின்றீர்கள். மரம் குறையக் குறையத் தண்ணீரும் குறைந்ததை நீங்களே கண்டீர்கள். விறகுக்கு வெட்டுகிறவர்களைத் திட்ட நாங்கள் வரவில்லை. காஸ் வாங்க முடியாத வீட்டில் வேறு எதை எரிப்பது? ஆகவே இரண்டு காரியம் செய்யப் போகிறோம். கவ்வாத்து வெட்டிய மிலாரையும் காய்ந்த சவுக்கையும் எல்லா லயத்துக்கும் சரியாகப் பிரித்துக் கொடுக்கும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். தலைவர்மாரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். பதில் வரும் வரையில் ஊற்றைச் சுற்றியுள்ள மரங்களில் மட்டும் கத்தி வைக்க வேண்டாம் என்று கேட்கிறோம். வரும் போயா தினத்தில் அந்த இடத்தில் கன்று நட வருகிறவர்கள் மண்வெட்டி கொண்டு வாருங்கள், தேத்தண்ணி எங்களுடையது.

அடுத்த சித்திரையில் மறுபடி போகிறோம். இந்த முறை போகாதவர்களுக்கே முதலிடம். பிள்ளைக் காம்பிராவில் பெயர் எழுதலாம். ரொட்டியை வாழை இலையில் கட்டுங்கள். பாட்டாச் செருப்போடு வந்தால் ஏற்ற மாட்டோம், சப்பாத்து இல்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், பார்ப்போம். அந்த அம்மாவின் பெயர் ஏற்கனவே எழுதியாகிவிட்டது. அவரை மேலே கூட்டிப்போக அல்ல, பெலிஹுல்ஓயாவுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போக. கூட வர விருப்பமான ஒருவர் வேண்டும்.