பாட்டி சொன்ன கதையும் பதிவேடு சொன்ன கதையும்

(வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

   

குடும்பம், வெற்றி, புகழ், வரலாறு பற்றிப் பேசச் சொன்னார்கள். நான்கையும் ஒரே மனிதரின் வாழ்வில் காட்டிவிடலாம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி. 1921-ல் பிறந்து 1992-ல் மறைந்தவர். மால்கம் எக்ஸ் சொல்லச் சொல்ல, அவரது சுயசரிதையை எழுதித் தந்தவர் இவர்தான்.

டென்னஸ்ஸி மாநிலத்தில் ஹென்னிங் என்றொரு சிற்றூர். பாட்டி வீட்டுத் திண்ணையில் பாட்டியும் அவருடைய சகோதரிமாரும் அமர்ந்து பழங்கதை பேசுவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட ஒரு மூதாதை. எஜமானன் வைத்த ‘டோபி’ என்ற பெயரை ஏற்காமல், தன் பெயர் ‘கின்ட்டே’ என்று அடித்துச் சொன்னவர். ஆற்றைக் காட்டி ‘காம்பி பொலொங்கோ’ என்றவர். இந்த ஓரிரு சொற்கள்தான் அக்குடும்பத்தின் சொத்து!

ஹேலி 1939-ல் கடலோரக் காவல் படையில் சாப்பாட்டுக்கூட எடுபிடியாகச் சேர்ந்தார். சக மாலுமிகளுக்குக் காதல் கடிதம் எழுதிக் கொடுத்துப் பேனா பழகினார். பத்திரிகைகளுக்கு அனுப்பியவை ஆண்டுக்கணக்கில் திரும்பி வந்தன. ஓய்வு பெற்று முழுநேர எழுத்தாளரான பின் ஒரு நாள், மிச்சமிருந்தது 18 சென்ட் காசும் இரண்டு மத்தி மீன் டின்களுமே என்று அவரே சொல்லியிருக்கிறார். அவற்றைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்தார். முதல் நாள் கல்லாக் காசை எடுத்து வைத்திருக்கும் வியாபாரிக்கு இது விளங்கும்.

1976-ல் ‘வேர்கள்’ நூல் வந்தது. 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் தொலைக்காட்சியில் ஓடியது. சுமார் 13 கோடிப் பேர் பார்த்தார்கள். புலிட்சர் சிறப்பு விருதும் கிடைத்தது. நாயகன் குன்டா கின்ட்டே, காம்பியாவின் ஜுஃபுரே கிராமத்து முஸ்லிம். கப்பலின் அடித்தட்டில் விலங்கிடப்பட்டுக் கிடந்தவர்களில் தொழுகையாளிகளும் இருந்தார்கள் என்ற செய்தி கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போனது.

புகழுக்குப் பின்னாலேயே ஆய்வாளர்களும் வந்தார்கள். தம் நாவலிலிருந்து எடுத்துவிட்டார் என்று ஹெரால்டு கூர்லாண்டர் வழக்குத் தொடுத்தார். 1978-ல் 6,50,000 டாலர் கொடுத்து ஹேலி சமரசம் செய்துகொண்டார். வம்சாவளி ஆய்வாளர்கள் வர்ஜீனியாவின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஹேலி காட்டிய கப்பல் 1767-ல் அன்னாபொலிஸ் துறைமுகத்துக்கு வந்தது நிஜம். ஆனால் டோபி என்ற அடிமையின் பெயர் அதற்கு முன்பே அங்கே பதிவாகி இருந்தது!

அப்படியானால் பாட்டி பொய் சொன்னாரா? இல்லை என்பேன் நான். பதிவேடு யாருடையது? மனிதனை மாட்டோடு சேர்த்துச் சொத்துப் பட்டியலில் எழுதியவனுடையது. அடிமையின் பேத்திக்கு நாவைத் தவிர வேறு ஏடு ஏது? பாட்டியின் சொல்லுக்கும் ஏட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஹேலி இடைவெளியாகவே விட்டிருக்கலாம். கற்பனையால் தைத்து மூடினார். உண்மையும் புனைவும் கலந்தது என்று அவரே சொன்னாலும், கடைகளில் அது வரலாறாகத்தான் விற்றது.

யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசை பார்த்துப் பழகிய சமுதாயம் நாம். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த பாட்டனாரைப் பற்றி வீட்டில் பேசுவார்களே, வாலிபர்களே, அதை எழுதி வையுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் பக்கத்தில் குறியுங்கள். தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள், நிரப்பாதீர்கள்.

குடும்பக் கதையால் உலகை ஆண்ட ஹேலிக்கு இரண்டு திருமணங்கள் முறிந்தன. மூன்றாவதும் செய்தார். இறந்தபோது கடன் இருந்தது. அதே 1992 அக்டோபரில் அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. மால்கம் எக்ஸ் தம் கையால் திருத்திய கையெழுத்துப் பிரதியும் அதில் போயிற்று. நூலில் சேராமல் விடுபட்ட ஓர் அத்தியாயம் 2018-ல்தான் நியூயார்க் ஷோம்பர்க் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது.