யாருடைய செங்கல், யாருடைய சுவர்?



இடித்த கட்டடங்களின் செங்கல்லையும் மரத்தையும் வைத்துப் புதிய பொது இடங்களைக் கட்டுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நகரங்களில் நடக்கும் இடிப்புகளைப் பற்றித்தான் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். சூழலியல் நண்பர்கள் மறுபயன்பாட்டுக்குச் சொல்லும் காரணம் நியாயமானது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. ஒரு பழைய செங்கல்லைக் காப்பாற்றினால், சூளையில் ஒரு புதுச் செங்கல் வேக வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பேச்சை நாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். அடுத்தவர் கழித்துப் போட்டதைப் பயன்படுத்திக்கொள் என்பது இந்த நாட்டில் ஒரு விதியாகவே இருந்தது. சண்டாளர்கள் பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும் என்கிறது மநுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம். பழைய சோறும் கிழிந்த வேட்டியுமே கூலியாக வந்த காலத்தை நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனால் பழைய பொருள் என்றதும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: அது எந்தத் திசையில் போகிறது? மேலேயிருந்து கீழே தள்ளிவிடப்படுகிறதா, கீழேயிருந்து மேலே எடுத்து வைக்கப்படுகிறதா?

மேலே போன செங்கல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க் நகரத்தின் மேடான பகுதியில் ‘ஓல்ட் ஃபோர்ட்’ என்ற சிறை இருந்தது. 1890களில் தொடங்கிய அந்தச் சிறை 1983இல்தான் மூடப்பட்டது. கோட்டைக்குள் வெள்ளையினக் கைதிகள். பக்கத்தில் ‘நம்பர் ஃபோர்’ என்ற பகுதியில் கறுப்பின ஆண்கள். விடுதலைப் போராளிகள் மட்டுமல்ல, கையில் பாஸ் இல்லாமல் தெருவில் நடந்தவர்களும் அங்கே அடைக்கப்பட்டார்கள். சாப்பாட்டு அளவுகூட இனவாரியாக வேறுபட்டது. வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் ஒன்று, எல்லோருக்கும் கீழே கறுப்பருக்கு ஒன்று. எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, கறுப்பினக் கைதிகளை நிர்வாணமாகக் குதித்து ஆடச் சொல்வார்கள்.

1908 ஜனவரியில் காந்தியும், அங்கே தமிழர்களைத் திரட்டிய தம்பி நாயுடுவும் இந்தச் சிறையில் இருந்தார்கள். இந்தியர்களைக் கறுப்பர்களோடு சேர்த்து அடைத்ததைப் பெரிய இழிவாகக் கருதி காந்தி தன் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் எழுதினார். ஒரே சிறையில் அடைபட்டிருக்கும்போதும், தனக்குக் கீழே ஒருவர் இருக்க வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். அந்தச் சிறையின் சாப்பாட்டுத் தட்டிலும் அதே ஏணிதான் இருந்தது.

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தது. புதிய அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குக் கட்டடம் தேவைப்பட்டபோது, நீதிபதிகள் தேர்ந்தெடுத்த இடம் இந்தச் சிறை வளாகம். விசாரணைக் கைதிகள் இருந்த பகுதியை இடித்தார்கள். அதன் நான்கு மாடிப்படிக் கூண்டுகளை மட்டும் அப்படியே நிறுத்தி வைத்தார்கள். இடித்த செங்கல்லை எடுத்து நீதிமன்ற அறைக்குள் சுவர் எழுப்பினார்கள். நம்பர் ஃபோருக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே மக்கள் நடந்துபோகும் அகலமான படிக்கட்டையும் அதே செங்கல்லில் கட்டினார்கள். 2004 மார்ச் 21 அன்று கட்டடம் திறக்கப்பட்டது. 1960இல் அதே தேதியில்தான், பாஸ் சட்டத்தை எதிர்த்து ஷார்ப்வில்லில் திரண்ட மக்களில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

நீதிபதிகளுக்குப் பின்னால் அந்தச் செங்கல் சுவரில் நீளவாக்கில் ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. அதன் வழியாக வெளியே நடந்துபோகிறவர்களின் கால்கள் தெரியும். காலில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று கற்பித்த நாட்டிலிருந்து அதைப் பார்க்கிறேன். அங்கே தீர்ப்புச் சொல்லும் இருக்கைக்கு மேலே சாதாரண மக்களின் கால்கள் நடக்கின்றன.

இதோடு நிறுத்தினால் அது சுற்றுலா வழிகாட்டியின் பேச்சாகிவிடும். கட்டடம் அழகானது என்பதால் நீதி கிடைத்துவிடாது. இதே நீதிமன்றம், இந்தக் கட்டடத்துக்கு வருவதற்கு முன்பே, 2000இல் ஐரீன் க்ரூட்பூம் என்ற பெண் தொடுத்த வழக்கில் வீட்டுரிமை பற்றிப் புகழ்பெற்ற தீர்ப்பைத் தந்தது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். அந்த ஐரீன் 2008இல் இறந்தபோதும் தகரக் குடிசையில்தான் இருந்தார்.

அதே 2008இல், சிறைச் செங்கல் சுவருக்கு முன்னால், ஜோகன்னஸ்பர்க்கின் ஒலிவியா ரோடு வழக்கில் தீர்ப்பு வந்தது. பாழடைந்த கட்டடங்களில் குடியிருந்த ஏழைகளை, பாதுகாப்பில்லை என்ற காரணம் காட்டி மாநகராட்சி காலி செய்யப் பார்த்தது. வெளியேற்றுவதற்கு முன் அந்த மக்களோடு உட்கார்ந்து அர்த்தமுள்ள முறையில் பேச வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தச் செங்கல்லுக்குக் கிடைத்த உண்மையான மரியாதை இந்தத் தீர்ப்புதான் என்பேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கேயும் மறுபயன்பாடு நடக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் விற்பனைக்கு இருக்கும். அவை சொகுசு விடுதிகளுக்கும் பணக்காரர்களின் புது வீடுகளுக்கும் போகின்றன. அதற்குப் பாரம்பரியம் என்று பெயர். கூவம், அடையாறு கரைகளில் இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுக்கு அந்தப் பெயர் இல்லை, அது வெறும் கழிவு. அந்த மக்கள் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டார்கள். கடன் வாங்கி, சிறுகச் சிறுகச் சேர்த்து அவர்கள் வாங்கிய செங்கல்லுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள் கழிவைத் தரம் பிரிப்பதையும் மறுசுழற்சியையும் பேசின. வீட்டை இழந்தவருக்கு அந்தச் செங்கல்லின் மேல் என்ன உரிமை என்ற கேள்வி அங்கே எழவில்லை. அதைச் சுத்தம் செய்யும் கைகளைப் பற்றியும் பேச வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் தட்டினால் முழுதாகக் கழன்று வரும். சிமெண்டில் கட்டியது பெரும்பாலும் உடைந்துதான் வரும். ஒவ்வொன்றாக எடுத்துக் கொத்தித் தூசியை விழுங்குவது தினக்கூலிப் பெண்கள். பசுமைக் கட்டடம் என்று விருது வாங்கும்போது மேடையில் அவர்கள் இருப்பதில்லை.

எனவே, இடித்த பொருளில் ஒரு நூலகமோ பூங்காவோ கட்டியிருக்கிறோம் என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாருடைய வீட்டை இடித்தீர்கள், அவர்களோடு பேசினீர்களா? செங்கல்லைச் சுத்தம் செய்தவர்களுக்கு என்ன கூலி, என்ன பாதுகாப்பு கொடுத்தீர்கள்? புதிய இடத்துக்குள் அவர்கள் காசு கொடுக்காமல், காவலாளியின் முறைப்பைத் தாங்காமல் நுழைய முடியுமா?

மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்த வேலையில் நாமும் சேர்ந்து செங்கல் சுமக்கலாம். இல்லையென்றால், அது நம்மிடமிருந்து பிடுங்கியதை வைத்து அவர்கள் கட்டிக்கொண்ட சுவர்.

ஜெய்பீம்.