இலவச முகாமுக்கு ஏன் வரல?

"கம்யூனிட்டி நர்ஸ்னா வீடு வீடாப் போய் மாத்திரை குடுக்கறவங்கதானே?"ன்னு நிறைய பேர் என்கிட்ட கேக்கறீங்க. மாத்திரையெல்லாம் அப்புறம். ஒரு ஊருக்கு என்ன தேவைன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். எங்க வேலையிலயே கஷ்டமானது அதுதான்.

நம்ம மதுரையிலயே இதுக்கு ஒரு கதை இருக்கு. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்புறம் ஊர் ஊரா முகாம். கண்புரைன்னா ஆபரேஷனும் இலவசம். முகாம்ல அலைமோதற கூட்டத்தைப் பாத்தா, கண்ணு தெரியாதவங்க எல்லாரும் வந்துட்டாங்கன்னுதான் தோணும்.

ஆனா 1999-ல் ஒரு ஆய்வு வந்துச்சு. முகாமுக்கு வந்தவங்களை விட்டுட்டு, ஊருக்குள்ள கண் பிரச்சனை இருக்கறவங்களைத் தேடிப் போய், "நீங்க முகாமுக்குப் போனீங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. போனவங்க 100-க்கு 7 பேர் கூட இல்ல! காரணம் கேட்டா பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, "இருக்கற பார்வையே போதும்"ங்கற நினைப்பு. இலவசம்னு நாமதான் சொல்றோம். அவங்க கணக்கு வேற.

எனக்கு இது மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல சர்வே எடுக்கும்போதுதான் புரிஞ்சது. என் கையில இருந்த படிவத்துல "கண் பிரச்சனை உண்டா?"ன்னு ஒரு கேள்வி. திண்ணையில ஒரு அப்பத்தா. "அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி"ன்னாங்க. நானும் 'இல்லை'ன்னு டிக் அடிச்சுட்டேன். கிளம்பும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டேன், "எதிர்த்த வீட்டு வாசல்ல நிக்கறது யாரு அப்பத்தா?"

"குரலைக் கேட்டாச் சொல்லிருவேன் தாயி."

அவங்க பொய் சொல்லல. வயசானா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சிருக்காங்க, அவ்வளவுதான். பொழுது சாஞ்சா வாசப்படி தாண்டறதே இல்லையாம். மருமக சொன்னாங்க: "கூட்டிட்டுப் போனா என் ஒரு நாள் கூலி போச்சு சிஸ்டர். ஆபரேஷன்னா அப்புறம் யாரு பாத்துக்கறது?" டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லதான். ஆனா போன கூலியை யார் தருவா?

2004-லிருந்து அரவிந்த் சின்ன ஊர்கள்ல நிரந்தரமா பார்வை மையங்கள் திறந்தாங்க. பயிற்சி எடுத்த பெண்கள் அங்க பரிசோதனை செய்வாங்க, டாக்டர் வீடியோவுல பேசுவார். வருஷத்துல என்னைக்கோ ஒரு நாள் வர்ற முகாம் மாதிரி இல்ல. நமக்கு வசதிப்படற நாள்ல போகலாம். வராதவங்க ஏன் வரலன்னு கேட்டா இந்த மாதிரி யோசனையெல்லாம் தானா வரும்.

இப்போ நான் "பிரச்சனை உண்டா?"ன்னு கேக்கறதே இல்ல. "ராத்திரி தனியா வெளிய போவீங்களா? அரிசியில கல்லு பொறுக்கறது யாரு?" இப்படித்தான் ஆரம்பிக்கறேன். படிவத்துல இதுக்கெல்லாம் கட்டம் கிடையாது, ஓரத்துல எழுதிக்குவேன்.

அந்த அப்பத்தா இன்னும் கண்ணைக் காட்டல. பேரன் திருப்பூர்ல வேலை பாக்கறான். அவனுக்கு எப்போ லீவுன்னு கேட்டு வச்சிருக்கேன்.